நாற்பது வயதில் முனைவர் பட்டம்: ஆசையும் கணக்கும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



இன்னைக்கு ஆடு வளர்ப்பு பத்தியோ ரத்தசோகை பத்தியோ பேசப் போறதில்லை. பிஎச்.டி. படிப்பு பத்திப் பேசப் போறேன். பின்னாடி இருக்கிற அக்கா "ஊசி போடுற டாக்டரா?" என்று கேட்கிறார்கள். இல்லைக்கா. இது முனைவர் பட்டம். இதை முடித்தவர்களும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஊசி போட முடியாது.

அது என்ன படிப்பு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ., எம்.ஏ. எல்லாத்துலயும் ஒருத்தர் எழுதி வைத்ததை நாம் படிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம். பிஎச்.டி. அப்படி இல்லை. இதுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நாமே தேடி, விசாரித்து, கணக்கெடுத்து, ஆதாரத்தோடு ஒரு புத்தகம் அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லி நின்றால் பட்டம்.

இதை ஏன் இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும்? காரணம் இருக்கு. நம்ம குழுக்களில் இப்போது கல்விக்கடன் என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இல்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தபால் வழியில் எம்.ஏ., பி.எட். முடித்த சகோதரிகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அதில் ஒரு சகோதரி, வயது 41, தனியார் கல்லூரியில் மாசம் 12,000 ரூபாய் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறவர், பகுதி நேரமா பிஎச்.டி. சேர 75,000 ரூபாய் கடன் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். குழுவில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது. "பொண்ணுக்கு வயசு வந்து நிக்குது, இவளுக்கு எதுக்கு இந்த வயசுல படிப்பு" என்று ஒரு கட்சி. "படிக்கிறவளைத் தடுக்கக் கூடாது, முழுசாக் கொடுங்க" என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வயசைச் சொல்லித் தடுப்பது தப்பு. கணக்குப் பார்க்காமல் கொடுப்பதும் தப்பு.

வயசை முதலில் முடித்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022-ல் பிஎச்.டி.க்கு வெளியிட்ட விதிகளில் சேருவதற்கு உச்ச வயது என்று எதுவும் இல்லை. ஜெர்மனியில் இங்கெபோர்க் ராப்போபோர்ட் என்று ஒரு அம்மா. குழந்தைகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் நோய் பற்றி 1938-ல் ஆய்வு எழுதி முடித்தார். அவருடைய அம்மா யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வாய்மொழித் தேர்வுக்கு விடவில்லை. 2015-ல், தனது 102-வது வயதில், ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களுக்குப் பதில் சொல்லி அந்தப் பட்டத்தை வாங்கினார். நம்ம சகோதரிக்கு 41. அதனால் வயசைப் பேச வேண்டாம். பணத்தையும் நேரத்தையும் பேசுவோம்.

அதுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எதுக்காகப் படிக்கிறீங்க? "பிஎச்.டி. முடிச்சா கவர்ன்மென்ட் காலேஜ்ல வேலை" என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்ச காலம் நிலைமை அந்தப் பக்கம் போனது உண்மைதான். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-ல் விதி போட்டு, அமல்படுத்தும் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கடைசியில் 2023 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். நெட் அல்லது செட் தேர்வில் தேறினாலே உதவிப் பேராசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. இருந்தால் கூடுதல் என்று ஆகிவிட்டது.

இது நமக்கு ரொம்ப முக்கியம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பு கிடையாது. செலவு என்றால் விண்ணப்பக் கட்டணமும் புத்தகமும்தான். அதனால் வேலைதான் குறி என்றால் முதலில் நெட், செட் எழுதுங்கள். ஒரு தடவை போனால் இன்னொரு தடவை எழுதுங்கள். 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், அந்த மதிப்பெண் ஒரு வருசம் செல்லும். ஆக அந்த உழைப்பு வீண் போகாது. வேலை கிடைக்கும் என்று நம்பி, கடன் வாங்கி, நேரடியா பிஎச்.டி.யில் குதிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வேலை வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கேள்விக்கு நான் பதில் தேடியே ஆகணும், என் படிப்பை நான் முடிச்சே ஆகணும் என்று ஒருத்தர் சொன்னால், அது வேற விசயம். அவங்களோட உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

கணக்குப் போடும் முன் சான்றிதழ்களைப் பாருங்கள். எம்.ஏ., எம்.எஸ்ஸி. போன்ற முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. தபால் வழி எம்.ஏ. செல்லுமா என்று கேட்பார்கள். யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தில், அந்த வருசம் அந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் இருந்திருந்தால் செல்லும். ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் கவனிக்கணும். பத்தும் பன்னிரண்டும் முடித்த பிறகு வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்று தமிழக அரசு 2009-ல் ஆணை போட்டது. அதன்மேல் பிஎச்.டி. கட்டினாலும் அஸ்திவாரத்தில் உள்ள ஓட்டை ஓட்டைதான். எம்.பில். வாங்கி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 2022 விதிகளோடு எம்.பில். நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வாங்கிய பட்டம் செல்லும்.

அடுத்தது காலம். குறைந்தது 3 வருசம், அதிகபட்சம் 6 வருசம். அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து 2 வருசம் நீட்டிக்கலாம். பெண்களுக்கு இன்னும் 2 வருசம் சலுகை தரலாம், எல்லாம் சேர்த்து 10 வருசத்தைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. சலுகை இருக்கிறதே என்று 10 வருசம் இழுக்காதீர்கள். வருசம் கூடக் கூட கட்டணமும் கூடும்.

பகுதி நேரமாகப் படிக்கலாம், விதியில் இடம் உண்டு. ஆனால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்க அனுமதி தருகிறோம், பாட வகுப்பு நாட்களில் விடுவிப்போம் என்று எழுதி, கையெழுத்து, சீல் எல்லாம் இருக்க வேண்டும். சில தனியார் நிர்வாகங்கள் வாயால் "படிங்கம்மா, நல்லது" என்று சொல்லிவிட்டு, தாளில் கேட்டால் இழுத்தடிக்கும். தாள் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். சேர்ந்த பிறகு குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாட வகுப்பு முடிக்க வேண்டும். பகுதி நேரத்துக்கும் இது உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழு முன்னால் போய் என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும். "பேரைப் பதிஞ்சுட்டு வீட்ல இருந்தே எழுதலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வழிகாட்டிப் பேராசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இடம் இருக்கா என்று கேளுங்கள். ஓய்வு பெற 3 வருசத்துக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக ஆளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. 4 வருசம் உள்ளவரிடம் பகுதி நேரமாகச் சேர்ந்தாலும் நடுவில் அவர் ஓய்வு பெற்றுவிடுவார், பிறகு வேறு ஆள் தேடி அலையணும். பெரிய பெயர் உள்ளவர் என்பதை விட, போன் எடுப்பவரா, கொடுத்த தாளைப் படித்துத் திருப்பித் தருபவரா என்று அவரிடம் ஏற்கெனவே படிக்கும் பெண்களிடம் விசாரியுங்கள். பெண் கொடுக்கும் வீட்டை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கணும்.

இப்ப பணத்துக்கு வருவோம்.

"பிஎச்.டி. படிச்சா மாசம் 37,000 கவர்ன்மென்ட் தருதாமே" என்று பேசிக்கொள்கிறார்கள். அது ஜே.ஆர்.எஃப். எனும் உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை. ஆனால் அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 வருசம் சலுகை சேர்த்தாலும் 35. அதுவும் நெட் தேர்வில் முன்னணி மதிப்பெண் எடுத்து, முழு நேரமாகப் படிப்பவர்களுக்கு. நம்ம சகோதரிக்கு அது இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடருக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுக்கும் திட்டம் உண்டு, அதுவும் முழு நேர ஆய்வாளர்களுக்கு. நிபந்தனைகளை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-ல் மத்திய அரசு நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இன்னும் சில இடங்களில் பழைய நோட்டீஸ் சுற்றிக்கொண்டு இருக்கு.

சுருக்கமாகச் சொன்னால் உதவித்தொகை எல்லாம் சின்ன வயசுக்காரர்களையும் முழு நேரம் படிப்பவர்களையும் பார்த்துத்தான் போடப்பட்டிருக்கு. பதினெட்டு வயசில் கல்யாணம் பண்ணி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு முப்பத்தெட்டில் புத்தகத்தைத் தொடுகிற பெண்ணை அந்தத் திட்டம் போட்டவர்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இது அநியாயம்தான். ஆனால் அது தெரிந்துதான் நாம் கணக்குப் போட வேண்டும்.

கட்டணம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேறுவேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. அதனால் தொகையை நான் சொல்லப் போவதில்லை. எங்கெங்கே கை வைக்கும் என்று மட்டும் சொல்கிறேன். விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, பதிவுக் கட்டணம். பிறகு வருசா வருசம் ஒரு கட்டணம். பாட வகுப்புத் தேர்வுக் கட்டணம். கடைசியில் ஆய்வேடு சமர்ப்பிக்க ஒரு பெரிய தொகை, இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நீட்டிப்பு கேட்டால் அதற்குத் தனி. பல்கலைக்கழக அலுவலகத்தில் இந்த விவரம் உள்ள தாளை வாங்கி, எல்லா வருசத்துக்கும் கூட்டிப் பாருங்கள்.

கட்டணத்தை விட மெதுவாகக் கரைப்பது பஸ் செலவு. திண்டுக்கல் பக்கத்திலிருந்து சின்னாளப்பட்டி காந்திகிராமம் போவது ஒரு கணக்கு. நாகமலை புதுக்கோட்டை தாண்டி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போவது ஒரு கணக்கு. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போவது இன்னொரு கணக்கு. பெண்களுக்கென்றே 1984-ல் ஆரம்பித்தது அது. மலை ஏறினால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். மாசம் 2 தடவை, தடவைக்கு பஸ், டீ, சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 700. வருசம் 8,400. அஞ்சு வருசத்துக்கு 42,000 ரூபாய். இதை யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை.

அப்புறம் டைப்பிங். 250 பக்கம், பக்கத்துக்கு 30 ரூபாய் என்றால் 7,500. திருத்தம் வந்தால் மறுபடி. அதனால் முதல் வருசத்திலேயே கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு பழகிவிடுங்கள். நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் சாயங்காலம் சும்மாதான் இருக்கு.

இனி கடன். நம்ம கடன் எல்லாம் எப்படி? ஆட்டுக்கு வாங்கினால் வருசத்தில் குட்டி விற்றுக் கட்டலாம். மாட்டுக்கு வாங்கினால் பால் பணம் வந்துகொண்டே இருக்கும். தையல் மிசின் அடுத்த மாசமே காசு கொடுக்கும். பிஎச்.டி. அஞ்சாறு வருசத்துக்கு ஒரு பைசா தராது, வாங்கிக்கொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட காரியத்துக்கு மொத்தமாகக் கடன் வாங்கினால் என்ன ஆகும்?

75,000 ரூபாயை 24 தவணையில் கட்டச் சொன்னால் அசல் மட்டும் மாசம் 3,125. ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் என்றால், முதல் மாசத் தவணை 3,875. 12,000 சம்பளத்தில் இதைக் கட்டிவிட்டு வீடு நடத்த முடியாது. "சரி, வட்டி மட்டும் கட்டட்டும், அசல் அப்புறம்" என்று விட்டால் மாசம் 750, வருசம் 9,000, அஞ்சு வருசத்தில் 45,000 ரூபாய் வட்டியாகவே போகும். அசல் 75,000 அப்படியே நிற்கும். ரெண்டு வட்டி வாங்குகிற குழு என்றால் 90,000. வெளியில் அஞ்சு வட்டிக்கு வாங்குவதைப் பற்றி நான் பேசவே இல்லை.

இப்ப வேற மாதிரி பாருங்கள். அந்த 75,000-மும் முதல் நாளே தேவை இல்லை. ஒரு உதாரணத்துக்கு வருசம் 15,000 தேவை என்று வைத்துக்கொள்வோம். வருசா வருசம் கட்டணம் கட்டும் மாசத்தில் மட்டும் 15,000 உள்கடன் கொடுங்கள். 10 தவணை. அசல் மாசம் 1,500, வட்டி முதல் மாசம் 150, அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து கடைசி மாசம் 15 ரூபாய். மொத்த வட்டி 825 ரூபாய். முடித்துவிட்டு 2 மாசம் மூச்சு விடலாம். பிறகு அடுத்த வருசத்துக்கு வாங்கலாம். அஞ்சு வருசத்துக்கும் சேர்த்து வட்டி 4,125.

45,000 எங்கே, 4,125 எங்கே! படிப்பு அதேதான். கட்டுகிற விதம்தான் வேறு. இன்னொரு லாபமும் இருக்கு. ரெண்டாவது வருசத்தில் படிப்பு சரிப்பட்டு வரவில்லை என்று தெரிந்தால், கையில் ஒரு சின்னக் கடன்தான் இருக்கும்.

வங்கியில் கல்விக்கடன் கேட்கலாமா? 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் வேலையில் இருக்கும் 41 வயசுப் பெண் பகுதி நேர ஆய்வுக்குப் போய் நின்றால் மேனேஜர் யோசிப்பார். கேட்டுப் பாருங்கள். அதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். தாலிக்கொடியையோ பிள்ளைக்கு என்று வைத்த நகையையோ அடகு வைத்து முதல் கட்டணம் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஏமாற்று வேலைகளையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கேதான். "டாபிக்கும் நாங்களே, எழுதுறதும் நாங்களே, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று பல்கலைக்கழக வாசலிலேயே போஸ்டர் ஒட்டியிருப்பான். அது குற்றம். எழுதியதை கம்ப்யூட்டரில் போட்டு வேறு எங்கிருந்தாவது எடுத்ததா என்று சரிபார்க்கிறார்கள். 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் நடவடிக்கை என்று 2018-ல் விதி வந்துவிட்டது. பட்டம் வாங்கின பிறகு மாட்டினாலும் பட்டத்துக்கே ஆபத்து. "ஆன்லைனிலேயே வெளிநாட்டு பிஎச்.டி." என்று சில கம்பெனிகள் விளம்பரம் செய்தன. அது செல்லாது என்று 2022 அக்டோபரில் யு.ஜி.சி. அறிவித்தது. காசு வாங்கிக்கொண்டு "கௌரவ டாக்டர்" பட்டம் கொடுக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கு. 2023-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே விழா நடத்தி, பிரபலமானவர்களுக்கே போலிப் பட்டம் கொடுத்தார்கள், போலீஸ் கேஸ் ஆனது. மேடையில் தொப்பி, கவுன் மாட்டிவிட்டால் பட்டம் ஆகிவிடாது.

இன்னொன்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கு. வாய்மொழித் தேர்வு நாளில் எல்லாருக்கும் விருந்து, சால்வை, பரிசு, காருக்கு வாடகை என்று மாணவி தலையில் கட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எந்த விதியிலும் அது இல்லை. டீயும் பிஸ்கட்டும் கொடுங்கள், அது மரியாதை. அதற்கு மேல் யாராவது கேட்டால், அது வழிகாட்டியாகவே இருந்தாலும், தனியாகச் சுமக்காதீர்கள். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். எழுத பயமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம். பெண் ஆய்வாளர்களிடம் வேறு விதமாகத் தொல்லை கொடுத்தால் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம்.

அடுத்து வீடு. பணத்தை விடக் கஷ்டமானது இதுதான் என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு ஆம்பளை பிஎச்.டி. பண்ணினால் வீட்டில் "அப்பா படிக்கிறாரு, சத்தம் போடாதே" என்பார்கள். அதே வீட்டில் அம்மா படித்தால் "படிச்சது போதும், குழம்பு என்னாச்சு?" என்பார்கள். சேருவதற்கு முன்னாடியே வீட்டில் உட்கார்ந்து பேசணும். வாரத்தில் எந்த ரெண்டு சாயங்காலம் எனக்கு? அன்னைக்கு அடுப்பு யார்? மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு யார்? இதெல்லாம் அப்பப்ப பாத்துக்கலாம் என்று விட்டால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வருசம், வீடு கட்டும் வருசம், மகன் பன்னிரண்டாவது எழுதும் வருசம் இதில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு வருசம் தள்ளிப் போடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த வருசத்தில் நெட்டுக்குப் படிக்கலாம், சேமிக்கலாம்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம்ம பக்கத்து மாநிலத்து சேதி. ஆந்திரா அனந்தபூர் மாவட்டத்தில் சாகே பாரதி என்பவர் விவசாயக் கூலித் தொழிலாளி. பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. சில நாள் கூலிக்கு, சில நாள் கல்லூரிக்கு என்று மாறி மாறிப் போய், 2023-ல் ஸ்ரீகிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பேப்பரில் வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர் துணை நின்றார் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியைத்தான் நான் ரெண்டு தடவை படித்தேன்.

நமக்கு ஒரு வசதி இருக்கு, அதை நாம் யோசிப்பதே இல்லை. 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்த காலத்திலிருந்து நம்மைப் பற்றி ஆய்வு பண்ணினவர்கள் எத்தனையோ பேர். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், "கடன் வாங்கினதால உங்க வாழ்க்கை முன்னேறியிருக்கா, ஆம், இல்லை, ஓரளவு" என்று டிக் பண்ணிவிட்டுப் போவார்கள். நாம டீ கொடுத்து அனுப்புவோம். அவர்கள் ரெண்டு மணி நேரத்தில் எழுதிப் போவதை உங்களில் ஒருத்தர் இருபது வருசமாக வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள். கடன் வாங்கினது யார் பேரில், செலவு பண்ணினது யார் என்று நமக்குத்தானே தெரியும்? சமூகவியல், பொருளாதாரம், சமூகப்பணி படித்த சகோதரி நம்ம குழுக்களையே ஆய்வுக்கு எடுத்தால் அலைச்சல் குறையும், செலவு குறையும், உள்ளே இருக்கிற உண்மையும் வெளியே வரும். உறுப்பினர்களின் பெயரையும் கணக்கையும் வெளியிடாமல், சம்மதம் வாங்கி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு முடிந்ததும் சகோதரிகள் சில கேள்விகள் கேட்டார்கள். மூன்றை மட்டும் இங்கே தருகிறோம்.

கேள்வி: ஆய்வைத் தமிழில் எழுதலாமா? எனக்கு இங்கிலீஷ் வராது.

பதில்: தமிழ்த் துறை என்றால் தமிழில்தான். மற்ற துறைகளில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு மாதிரி. சேருவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றால் ஒரு வருசம் கூடப் பிடிக்கும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயந்துதான் பலர் எழுதித் தருகிறவனிடம் போய் மாட்டுகிறார்கள்.

கேள்வி: நான் வீட்டில்தான் இருக்கிறேன், தைக்கிறேன். தடையில்லாச் சான்று யார் தருவார்கள்?

பதில்: அந்தச் சான்று ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கேட்பது. சுயதொழில் செய்பவர்கள் பகுதி நேரமா முழு நேரமா, என்ன தாள் தர வேண்டும் என்று பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் கேளுங்கள். முழு நேரம் சேர முடிந்தால் மாநில அரசின் உதவித்தொகைக்கும் வழி இருக்கிறதா என்று அன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: கடன் வாங்கிட்டு அந்தப் பொண்ணு பாதியில படிப்பை விட்டா, ஜாமீன் போட்ட எங்க கதி?

பதில்: மாடு செத்துப் போனாலும் மாட்டுக்கடன் கட்டுகிறோம் இல்லையா, அதே மாதிரிதான். படிப்பை விட்டாலும் கடனைக் கட்ட வேண்டும், இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்காகத்தான் 75,000-க்கு ஜாமீன் போடாமல் வருசத்துக்கு 15,000 என்று சொன்னேன். ஜாமீன் போடுகிறவருக்கும் அது தாங்கும்.